பழைய ஹெர்பிஸ் ரிப்போர்ட்டைச் சந்தேகப்படும்போது நடக்கிற தவறுகள்

ஏழெட்டு வருடத்துக்கு முன்னால் ஒரு டாக்டர் பார்த்துவிட்டு "இது ஹெர்பிஸ்" என்றார், ஒரு வாரத்துக்கு மாத்திரை எழுதினார், புண் ஆறிவிட்டது, அதற்கப்புறம் ஒன்றும் வரவில்லை. இப்போது வீட்டில் பெண் பார்க்கிறார்கள், சொல்வதா வேண்டாமா, முதலில் அது உண்மையிலேயே ஹெர்பிஸ்தானா? வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் இந்தக் கேள்வியை யாரிடமும் கேட்காமல் மனசுக்குள்ளேயே வைத்துக்கொண்டு திரிகிறவர்கள் இருக்கிறார்கள். கேள்வி நியாயமானதுதான். உடலுறவில் தொற்றுகிற வைரஸ் நோயான பிறப்புறுப்பு ஹெர்பிஸ் விஷயத்தில் இல்லாதவருக்கு இருக்கிறது என்று சொல்வதும் நடக்கிறது, இருக்கிறவருக்கு இல்லை என்று சொல்வதும் நடக்கிறது. ஆனால் பழைய முடிவைச் சந்தேகிக்கும் அவசரத்தில் செய்கிற காரியங்கள் பல நேரம் குழப்பத்தை இன்னும் கூட்டிவிடுகின்றன.

முதல் தவறு, நேராக ஒரு லேபுக்குப் போய்க் கையை நீட்டுவது. அதற்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு: அன்றைக்கு எதை வைத்து ஹெர்பிஸ் என்று சொன்னார்கள்? கண்ணால் பார்த்தா, புண்ணைச் சுரண்டி ஸ்லைடில் வைத்தா, புண்ணிலிருந்து பஞ்சுக்குச்சியால் எடுத்து, வைரஸின் மரபணுவைத் தேடுகிற பிசிஆர் செய்தா, ரத்தம் எடுத்தா? ரத்தம் என்றால் எந்த டெஸ்ட்? இந்த நாலுக்கும் நம்பகத்தன்மையில் பெரிய வித்தியாசம் இருக்கிறது. பழைய சீட்டு வீட்டில் இல்லை என்றால் ஆஸ்பத்திரி எண்ணைச் சொல்லிப் பழைய பதிவைக் கேட்கலாம், லேபில் நகல் கேட்கலாம். கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கும். ஆனால் அந்த ஒரு தாள் இல்லாமல் மற்ற எல்லாப் பேச்சும் ஊகம்தான்.

கண்ணால் பார்த்து மட்டும் சொன்னது என்றால் சந்தேகத்துக்கு நிறையவே இடம் இருக்கிறது. கொத்தாகச் சின்னச் சின்ன நீர்க்கொப்புளம், எரிச்சல், உடைந்து புண்ணாகி ஒன்றிரண்டு வாரத்தில் ஆறுவது என்று பாடப்புத்தகத்தில் இருக்கிற மாதிரியே எல்லோருக்கும் வராது. அனுபவமுள்ள டாக்டரும் தவறலாம். அரசு ஆஸ்பத்திரிகளில் பால்வினை நோய்க்கு அறிகுறியை வைத்தே மருந்து கொடுக்கிற முறை இருக்கிறது, தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பான நாகோ அதை வண்ண வண்ணப் பெட்டிகளாகத் தருகிறது. கொப்புளத்தோடு புண் என்றால் ஹெர்பிஸ் மாத்திரையான அசைக்ளோவிர் இருக்கிற சிவப்பு கிட், கொப்புளம் இல்லாத புண் என்றால் வெள்ளை கிட். நோயாளியை வெறுங்கையோடு திருப்பி அனுப்பாமல் அன்றைக்கே மருந்து தருவதற்கு இது நல்ல ஏற்பாடு. ஆனால் சிவப்பு கிட் கொடுத்தார்கள் என்பதாலேயே ஹெர்பிஸ் நிரூபணம் ஆகிவிட்டது என்று அர்த்தமில்லை.

மாத்திரை போட்டதும் ஆறிவிட்டதே, அப்போது ஹெர்பிஸ்தானே என்பார்கள். ஹெர்பிஸ் புண் மாத்திரை இல்லாமலும் தானாக ஆறும். வேறு பல புண்களும் அதே ஒரு வாரம் பத்து நாளில் ஆறிவிடும்.

இங்கே ஒன்றைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்ம ஊர்ப் பழக்கத்தோடு ஒட்டி வருகிறது. வயிற்றுப்போக்கு என்றால் மெடிக்கலில் கேட்டு இரண்டு மாத்திரை, உடம்பு வலி என்றால் இரண்டு மாத்திரை, சளி என்றால் இன்னும் இரண்டு. அந்த மாத்திரைகளில் சில, டினிடசோல், ஆர்னிடசோல், நார்ஃப்ளாக்சசின், கோ-டிரைமாக்சசோல், சில வலி மாத்திரைகள், சிலருக்கு உடம்பில் ஒரே இடத்தில் புண்ணை உண்டாக்கும். ஆணுறுப்பின் முனை அதற்குப் பிடித்த இடங்களில் ஒன்று. ஒவ்வொரு முறை அந்த மாத்திரை உள்ளே போகும்போதும் அதே இடத்தில் எரிந்து, சிவந்து, சில நேரம் கொப்புளித்து, ஆறும்போது கருந்தழும்பு விட்டுப் போகும். திரும்பத் திரும்ப அதே இடத்தில் வருகிறதே, ஹெர்பிஸ்தான் என்று எழுதிவிட மிக வசதியான நோய் இது. ஆக, உங்களுக்கு மறுபடி மறுபடி வந்திருந்தால், ஒவ்வொரு முறையும் அதற்கு முந்தைய ஒன்றிரண்டு நாளில் என்ன மாத்திரை போட்டீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். சொறி, பூஞ்சை, சவரம் செய்த இடத்தில் மயிர்க்கால் அழற்சி, டெட்டாலைத் தண்ணீர் கலக்காமல் ஊற்றிக் கழுவியதால் வந்த வேக்காடு, இவையெல்லாமும் ஏமாற்றும். தொடை இடுக்கிலோ பிட்டத்திலோ ஒரே பக்கமாகப் பட்டையாக வந்து, "ஹெர்பிஸ்" என்று மட்டும் சீட்டில் எழுதியிருந்தால் அது அக்கியாகக்கூட இருக்கலாம். அக்கி சின்னம்மை வைரஸின் வேலை, அதற்கும் பால்வினை நோய்க்கும் சம்பந்தமில்லை.

இதைவிட ஆபத்தான குழப்பம் சிபிலிஸ். வலியில்லாத ஒற்றைப் புண், தானாகவே ஆறிவிடும், ஆனால் நோய் உள்ளே இருந்துகொண்டே இருக்கும். பழைய புண் ஹெர்பிஸ் இல்லையோ என்று சந்தேகப்படுகிறவர்கள் "அப்பாடா, ஒன்றும் இல்லை போல" என்று நிம்மதியாகிவிடுகிறார்கள், அப்படியானால் அது வேறு என்ன என்று கேட்பதில்லை. சிபிலிஸுக்கான ரத்த டெஸ்ட்களான விடிஆர்எல் அல்லது ஆர்பிஆர், கூடவே டிபிஹெச்ஏ, அதோடு எச்ஐவி, இவை பெரிய செலவில்லாத டெஸ்ட்கள். எச்ஐவிக்கு அரசு நம்பிக்கை மையங்களில் பணம் கட்டவே வேண்டாம். சிபிலிஸ் பென்சிலின் ஊசியில் குணமாகிற நோய், கண்டுபிடிக்காமல் விட்டால் வருடங்கள் கழித்து மூளை, இதயம் வரை போகும்.

சரி, ஹெர்பிஸ் ரத்த டெஸ்டுக்கு வருவோம், குழப்பத்தின் பாதி இங்கேதான். இது வைரஸைத் தேடுவதில்லை, வைரஸை எதிர்த்து உடம்பு உண்டாக்குகிற ஐஜிஎம், ஐஜிஜி என்ற எதிர்ப்புப் பொருள்களைத் தேடுகிறது. வைரஸிலும் இரண்டு வகை: வகை ஒன்று பெரும்பாலும் வாயில் வருவது, வகை இரண்டு பெரும்பாலும் பிறப்புறுப்பில் வருவது. ரிப்போர்ட்டில் ஐஜிஎம் என்று போட்டு பாசிட்டிவ் என்றிருந்தால், அதை மட்டும் வைத்து உங்களுக்கு எதுவும் சொல்ல முடியாது. ஐஜிஎம் புதுத் தொற்றைக் காட்டும் என்று பலர் நம்புகிறார்கள், ஹெர்பிஸில் அது நம்பி எடுக்கக்கூடியதாக இல்லை. வேறு வைரஸுக்கும் பாசிட்டிவ் காட்டும், பழைய தொற்று திரும்ப வரும்போதும் காட்டும், வகை ஒன்றா இரண்டா என்று பிரிக்காது. இந்தக் காரணத்துக்காகவே அமெரிக்க அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி இந்த டெஸ்டைப் பரிந்துரைப்பதில்லை. ஆனாலும் நம் லேப்களின் பட்டியலில் அது இன்னும் இருக்கிறது, கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள்.

பெண்களுக்கு இது வேறு வழியில் வந்து சேரும். கரு கலைந்துவிட்டது, சில தொற்றுகளைச் சேர்த்துப் பார்க்கிற டார்ச் டெஸ்ட் எடுங்கள் என்பார்கள். அந்தத் தொகுப்பில் ஹெர்பிஸும் ஒன்று, பெரும்பாலும் ஒன்றையும் இரண்டையும் சேர்த்தே பார்க்கிற டெஸ்ட். சிறு வயதில் காய்ச்சலுக்கு அப்புறம் உதட்டோரம் கொப்புளம் வந்திருந்தாலே அதில் பாசிட்டிவ் வரும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 50 வயதுக்குக் கீழ் உள்ளவர்களில் சுமார் 64 சதவீதம் பேருக்கு வகை ஒன்று இருக்கிறது, பெரும்பாலும் குழந்தைப் பருவத்திலேயே வாய்வழியாக வந்தது. அந்தத் தாளைப் பார்த்துவிட்டு மாமியார் வீட்டில் ஒரு பெண்ணின் நடத்தையைப் பற்றிப் பேச்சு ஓடுகிறது என்றால், அதைவிட அநியாயம் எதுவும் கிடையாது. ஒன்றும் இரண்டும் சேர்ந்த பாசிட்டிவ் பிறப்புறுப்பு ஹெர்பிஸுக்கு ஆதாரம் அல்ல.

வகையைப் பிரித்துச் சொல்கிற ஐஜிஜி டெஸ்ட்தான் ஓரளவு உருப்படியானது. அதிலும் "பாசிட்டிவ்" என்ற வார்த்தையோடு நின்றுவிடாமல் பக்கத்தில் இருக்கிற எண்ணைப் பாருங்கள். பரவலாகப் பயன்படும் எலைசா (எதிர்ப்புப் பொருளை அளக்கிற ஒரு முறை) கிட்டில் 1.1-க்கு மேல் போனால் பாசிட்டிவ். ஆனால் வகை இரண்டுக்கு 1.1-லிருந்து 3-க்குள் வந்தால் அது பொய்யாக இருக்கும் வாய்ப்பு அதிகம், வேறு முறையில் மறுபடி பார்த்து உறுதி செய்யாமல் ஏற்கக்கூடாது என்பதுதான் சிடிசியின் நிலை. வேறு கம்பெனி கிட்டில் அளவுகோலே வேறாக இருக்கும் என்பதால் எண்ணை மட்டும் பார்த்து நீங்களே தீர்ப்பு எழுதிவிட வேண்டாம், டாக்டரிடம் காட்டுங்கள்.

நல்ல டெஸ்ட் என்றால் எப்படித் தப்பும்? சும்மா ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆயிரம் பேர், அதில் 50 பேருக்கு மட்டும் வகை இரண்டு உண்மையிலேயே இருக்கிறது. டெஸ்ட் அந்த 50 பேரையும் பிடித்துவிடுகிறது, இல்லாதவர்களில் 95 சதவீதத்தினரை இல்லை என்று சரியாகச் சொல்கிறது. மீதி ஐந்து சதவீதம் என்பது 950 பேரில் 47, 48 பேர். ஆகப் பாசிட்டிவ் தாளோடு வெளியே வருகிற நூறு பேரில் கிட்டத்தட்ட பாதிப்பேருக்கு நோயே இல்லை. புண்ணோ எரிச்சலோ எதுவும் இல்லாமல், மாஸ்டர் செக்கப் மாதிரி இதையும் சேர்த்து எடுத்தவர்களுக்குத்தான் இந்தக் கணக்கு அதிகம் பொருந்தும். அமெரிக்காவின் தடுப்பு மருத்துவப் பணிக்குழு 2016-லும் 2023-லும், அறிகுறி இல்லாதவர்களுக்கு ஹெர்பிஸ் ரத்த டெஸ்ட் எடுக்க வேண்டாம் என்று சொன்னதற்குப் பின்னால் இருப்பதும் இதே கவலைதான்.

ஒரு டெஸ்டை இன்னொரு முறையில் உறுதி செய்வது என்பது வேலூருக்குப் புதிதில்லை. 1986-ல் இந்தியாவில் முதல் எச்ஐவி தொற்றைக் கண்டுபிடித்தபோது, சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனின் மாணவி நிர்மலா சேகரித்த ரத்தத்தை ரயிலில் கொண்டுவந்து சோதித்தது வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரியில்தான். எலைசாவில் பாசிட்டிவ் வந்தது. அதோடு விடவில்லை, மறுபடி ரத்தம் எடுத்து அமெரிக்காவுக்கு அனுப்பி, வெஸ்டர்ன் பிளாட் என்ற இன்னும் துல்லியமான ரத்தச் சோதனையில் உறுதி செய்தார்கள். ஹெர்பிஸுக்கும் வெஸ்டர்ன் பிளாட் உண்டு, சியாட்டிலில் இருக்கிற வாஷிங்டன் பல்கலைக்கழகம் அதைச் செய்கிறது, ஆற்காடு ரோட்டு லேபில் கேட்டால் கிடைக்கிற சமாச்சாரம் இல்லை. இங்கே நடைமுறையில் செய்யக்கூடியது, வேறு முறையில் வகை பிரிக்கும் ஐஜிஜியை இன்னொரு முறை எடுப்பது.

இதுவரை படித்துவிட்டு "அப்போ எனக்கு இல்லை" என்று முடிவு கட்டினால், அது அடுத்த தவறு. பழைய ரிப்போர்ட் புண்ணிலிருந்து எடுத்த பிசிஆர் பாசிட்டிவ் என்றால் சந்தேகத்துக்கு இடம் மிகக் குறைவு. அதற்கப்புறம் நீங்கள் எடுத்த ரத்த டெஸ்ட் நெகட்டிவ் வந்தாலும் அந்த பிசிஆரைத் தூக்கிப்போட முடியாது. முக்கியமாக பிறப்புறுப்பில் வந்தது வகை ஒன்றாக இருந்தால், ஐஜிஜி டெஸ்ட் அதில் கணிசமான பேரைத் தவறவிடும். வகை ஒன்று ரத்தத்தில் இருக்கிறது என்று வந்தாலும் அது வாயிலா கீழேயா என்று ரத்தம் சொல்லாது. தொற்று நடந்து 12 வாரம் ஆகாமல் எடுத்த நெகட்டிவுக்கும் மதிப்பில்லை.

அத்தனை வருடமாகத் திரும்ப வரவில்லையே என்பதும் ஆதாரமாகாது. வகை இரண்டு முதல் வருடத்தில் சராசரியாக நாலு முறை வரை திரும்பும், பிறகு குறையும். வகை ஒன்று கீழே வந்தால் அதைவிடக் குறைவாகவே திரும்பும், ஒருமுறை வந்து அதோடு நின்றவர்கள் உண்டு. புண் இல்லாத நாளிலும் வைரஸ் தோலில் வெளிப்பட்டு இன்னொருவருக்குப் போகலாம் என்பதால், விஷயம் தெளிவாகிற வரைக்கும் ஆணுறை போடுவதை நிறுத்த வேண்டாம்.

தெளிவாக ஒரு பதில் வேண்டுமென்றால் அடுத்த முறை புண் வரும்போது கிடைக்கிற வாய்ப்பை விட்டுவிடக்கூடாது. கொப்புளம் வந்த ஒன்றிரண்டு நாளுக்குள் போக வேண்டும், காய்ந்து பொருக்குத் தட்டிய பிறகு எடுத்தால் வைரஸ் இருந்தும் நெகட்டிவ் வரலாம். மஞ்சள், எண்ணெய், மெடிக்கலில் தருகிற ஸ்டீராய்டு ஆயின்மென்ட் எதுவும் தடவாமல், மிச்சமிருந்த அசைக்ளோவிரைப் போட்டுக்கொள்ளாமல் போங்கள். "வகை பிரிக்கிற பிசிஆர் வேண்டும்" என்று வாய்விட்டுக் கேளுங்கள், ஸ்லைடில் பார்க்கிற டிசாங்க் சோதனை போதாது, அது வகையையும் சொல்லாது, அக்கியையும் பிரிக்காது. போக வேண்டிய இடம் தோல் நோய்ப் பிரிவு, அடுக்கம்பாறை அரசு ஆஸ்பத்திரியானாலும் சிஎம்சியானாலும். அங்கே வரிசையில் உட்கார்ந்திருக்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் படர்தாமரைக்கு வந்தவர்கள், உங்களை யாரும் திரும்பிப் பார்க்கப் போவதில்லை. பஸ் ஸ்டாண்ட் சுவரில் லாட்ஜ் ரூம் நம்பரோடு "அடியோடு குணம்" என்று ஒட்டியிருக்கிற போஸ்டரை நம்பிப் போகாதீர்கள், இந்த வைரஸை உடம்பிலிருந்து முழுசாக எடுக்கிற மருந்து இன்றுவரை எந்த முறையிலும் இல்லை.

அப்புறம், டெஸ்டை வைத்து யாரிடமிருந்து வந்தது என்று துப்பறிய வேண்டாம். முதல் புண் தொற்று வந்து பல வருடம் கழித்துக்கூட வெளியே தெரியலாம். கல்யாணமாகி மூன்றாவது வருடம் மனைவிக்குப் புண் வந்தால் அவர் ஏதோ செய்தார் என்றோ கணவன் செய்தார் என்றோ எந்த லேபும் சொல்லாது. இருவரும் சேர்ந்து ஒரே டாக்டரிடம் போய் இருவருக்கும் வகை பிரிக்கும் ஐஜிஜி பார்ப்பது உருப்படியான வழி.

கர்ப்பமாக இருந்தால் மட்டும், பழைய முடிவு சந்தேகம்தானே என்று அதை மகப்பேறு டாக்டரிடம் மறைக்காதீர்கள். கணவருக்கு அப்படிச் சொல்லியிருந்தாலும் சேர்த்துச் சொல்லுங்கள். பழைய தொற்று உள்ள தாயிடமிருந்து பிரசவத்தில் குழந்தைக்குப் போகிற வாய்ப்பு ஒரு சதவீதத்துக்கும் குறைவு, ஆனால் கடைசி மூன்று மாதத்தில் புதிதாகத் தொற்றினால் அது 30 முதல் 50 சதவீதம் வரை ஏறும். அதனால் பழைய வரலாறு இருந்தால் 36-வது வாரத்திலிருந்து மாத்திரை தருவார்கள், வலி எடுக்கும் நேரத்தில் புண் இருந்தால் சிசேரியன் செய்வார்கள்.