விடுதிக் கட்டிலில் மூன்று நிமிடம்: முதல் தலைமுறை மாணவருக்கு ஒரு மூச்சுப் பயிற்சி

முதல் தலைமுறைப் பட்டதாரி சான்றிதழை வாங்க நானும் அப்பாவும் தாலுகா அலுவலகத்துக்கு எத்தனை முறை நடந்தோம் என்பதற்குக் கணக்கில்லை. 2010-11 கல்வியாண்டு முதல் தமிழ்நாட்டில் கலந்தாய்வு வழியே தொழிற்படிப்பில் சேர்கிறவர்களுக்கு அந்தத் தாள் கல்விக் கட்டணச் சலுகை வாங்கித் தருகிறது. எனக்கும் தந்தது. ஆனால் முதல் வாரம் வகுப்பில் ஆங்கிலத்தில் கேட்ட கேள்வி புரிந்தும், விடை தெரிந்தும், வாய் திறக்காமல் நின்றேனே, அப்போது காதுமடல் சுட்டதற்கு அதில் சலுகை எதுவும் இல்லை. வீட்டில் சொல்லவும் வழியில்லை. அரியர் என்றால் அப்பாவுக்குத் தெரிந்தது சம்பளப் பாக்கிதான்.

அந்த நாட்களில் எனக்குக் கைகொடுத்தது மைண்ட்ஃபுல்னெஸ் எனப்படும் விழிப்புநிலைத் தியானம். பௌத்த மரபின் மூச்சுக் கவனிப்பிலிருந்து வந்தது. ஜான் கபாட்-ஜின் 1979இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் இதை மதச்சார்பற்ற பயிற்சியாக நடத்தத் தொடங்கினார்; பின்னர் அது 8 வார வகுப்பாக நிலைபெற்றது. அதில் வீட்டுப் பயிற்சியே தினம் 45 நிமிடம் வரை போகும். முதல் செமஸ்டரில் அவ்வளவு நேரம் யாரிடம் இருக்கிறது? மூன்று நிமிடத்தில் தொடங்குவோம்.

1. இடம். நான்கு பேர் தங்கும் அறையில் அமைதியைத் தேடாதீர்கள், கிடைக்காது. காலையில் மெஸ்ஸுக்குப் போகும் முன் கட்டில் விளிம்பு போதும். தினம் வீட்டிலிருந்து வருகிறவர்களுக்குப் பஸ் ஜன்னலோர இருக்கை. செல்பேசியில் மூன்று நிமிட அலாரம் வைத்துக் கவிழ்த்துவிடுங்கள்.

2. உட்காருதல். சம்மணம் கட்டாயமில்லை. பாதம் தரையில் படட்டும், முதுகு நிமிர்ந்திருக்கட்டும். கண்ணை மூடலாம், பாதி திறந்தும் வைக்கலாம்.

3. மூச்சு. இது பிராணாயாமம் அல்ல. மூச்சை இழுத்துப் பிடிக்கவோ நீட்டவோ வேண்டாம். அது தானாக வந்து போவதை மூக்கு நுனியிலோ வயிற்றிலோ கவனியுங்கள். ஒவ்வொரு வெளிமூச்சுக்கும் ஓர் எண். பத்து வரை எண்ணி மறுபடி ஒன்று. நான்கிலேயே கணக்கு விட்டுப்போனால் ஒன்றிலிருந்து தொடங்குங்கள். முதல் மாதம் முழுக்க நான் ஆறைத் தாண்டியதாக நினைவில்லை.

4. மனம் ஓடும்போது. பயிற்சியின் உயிர் இங்கேதான் இருக்கிறது. மனம் ஓடுவது தோல்வி அல்ல. ஓடியதைக் கண்டுபிடித்துத் திரும்பக் கூட்டிவருவதுதான் பயிற்சியே. நம்மைப் போன்றவர்களின் மனம் எங்கே ஓடும் என்பதும் ஓரளவு தெரிந்ததுதான்: அம்மாவின் அடகு நகை, தங்கையின் படிப்பு, பக்கத்துக் கட்டில்காரனின் சரளமான ஆங்கிலம். கடைசியில் ‘எனக்கு இது சரிப்படாது’ என்ற தீர்ப்பில் வந்து நிற்கும்.

தீர்ப்பு வந்ததும் அதோடு வழக்காடாதீர்கள். தமிழில் இதற்கு வசதியான ஒரு சொல் இருக்கிறது: ‘என்று’. ‘எனக்கு இது சரிப்படாது’ என்பதை ‘எனக்கு இது சரிப்படாது என்று ஓர் எண்ணம் வருகிறது’ என மனத்துக்குள் முடித்துப் பாருங்கள். சொன்னது யார், எப்போது சொன்னது என்று கேட்கக் கொஞ்சம் இடம் கிடைக்கிறது. பிறகு அடுத்த மூச்சு, எண் ஒன்று.

ஒன்றை மட்டும் கலந்துவிடாதீர்கள். அடகுச் சீட்டு எண்ணம் அல்ல, பீரோவில் இருக்கும் காகிதம். அதை மூச்சால் ஊதித் தள்ள முடியாது. அலாரம் அடித்ததும் ஒரு தாளில் எழுதி, கல்லூரியில் உதவித்தொகை பார்க்கும் அலுவலகத்தில் கேட்க வேண்டியதைக் கேளுங்கள். பணத் தட்டுப்பாட்டுக்குத் தியானத்தை மருந்தாகச் சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை.

5. நாளின் நடுவில். இரண்டு வாரம் ஆனதும் கண் திறந்தபடியே செய்யலாம். வைவா எனும் வாய்மொழித் தேர்வுக்கு வெளியே வரிசையில் நிற்கும்போது செருப்புக்குள் பாதம் அழுந்துவதை உணர்ந்து மூன்று மூச்சு எண்ணுங்கள். வீட்டுக்குப் பேசிய பிறகும் அப்படியே. ‘நன்றாகப் படிக்கிறாயா?’ என்று அம்மா கேட்க, ‘ம்’ என்று சொல்லி வைத்த பிறகு தொண்டையில் ஒரு கனம் இறங்குமே, அது எந்த இடத்தில் இருக்கிறது என்று மட்டும் பாருங்கள். விரட்ட வேண்டாம். நான் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி ஓரமாக நின்று பார்ப்பேன்.

சிலருக்குக் கண்ணை மூடினால் படபடப்பு கூடும். அப்போது கண்ணைத் திறந்து, மின்விசிறிச் சத்தத்தையோ சுவரையோ கவனியுங்கள். அப்படியும் அடங்காவிட்டால் நிறுத்திவிடுங்கள். தூக்கம் பல நாள் கெட்டாலோ, உயிரோடு இருந்து என்ன பயன் என்ற நினைப்பு வந்தாலோ, மூச்சை எண்ணிக்கொண்டு தனியே உட்காராமல் 14416க்கு அழையுங்கள். அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் அது. கட்டணம் இல்லை, இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம்.