நைனா கால்ல சர்க்கரைப் புண்ணு: வீட்ல கட்டு மாத்துறது எப்படி

எங்களுது நகரியில பவர்லூம் ஓட்டுற வீடு. நைனா (அப்பா) தறிக்கும் தறிக்கும் நடுவுல நாள் முழுக்க நடந்த ஆளு, சுகர் வந்து 15 வருஷம் ஆகுது. வலது கட்டைவிரலுக்கு அடியில ஆணி மாதிரி தடிச்சு இருந்துச்சு, அது என்னைக்கு உடைஞ்சுதுன்னு அவருக்கே தெரியல, சிமெண்ட் தரையில ஈரத் தடம் பாத்து அம்மாதான் கேட்டாங்க. "வலிக்கவே இல்லையே"ன்னாரு. அதாங்க பிரச்சினையே, நரம்பு மரத்துப் போச்சு.

முதல்ல ஒண்ணு. டாக்டர் புண்ணைப் பாத்து, செத்த சதையை வெட்டி எடுத்து, கால்ல ரத்த ஓட்டம் இருக்குதான்னு டாப்ளர் பாத்து, இனிமே வீட்லயே கட்டு மாத்துங்கன்னு சொன்னவங்களுக்குத்தான் இது. மத்தவங்க முதல்ல போய்க் காட்டிட்டு வாங்க.

வாங்க வேண்டியது: சலைன் (மெடிக்கல்ல விக்கிற கிருமியில்லாத உப்புத் தண்ணி), ஸ்டெரைல் காஸ் (கிருமியில்லாத வலைத்துணி), பாரஃபின் காஸ் (புண்ணுல ஒட்டாம இருக்க மெழுகுப் பசை தடவுன காஸ்), ரோல் பேண்டேஜ், மைக்ரோபோர் டேப், கிளவுஸ். சலைன் 100 மில்லி பாட்டிலா வாங்குங்க, 500 லாபம்னு மெடிக்கல்ல சொல்வாங்க, திறந்தா அன்னைக்கே முடிக்கணும், மிச்சம் சாக்கடைக்குத்தான் போகும். பஞ்சு வேணவே வேணாம், நார் நாரா புண்ணுல ஒட்டிக்கும்.

1. பிரிக்கிறது

ஒட்டியிருந்தா இழுக்காதீங்க. சலைன் ஊத்தி அஞ்சு நிமிஷம் ஊற விடுங்க, தானா வரும். எங்க தெரு ஆர்எம்பி (டாக்டர் படிப்பு இல்லாம வைத்தியம் பாக்குறவர்) ஒருத்தர் சரக்குனு பிச்சு எடுத்துட்டு "ரத்தம் வருது, நல்லது"ன்னாரு. நல்லது ஒண்ணும் இல்ல, புதுசா வந்த சதையும் சேர்ந்து போகுது.

2. கழுவுறது

சலைன் மட்டும் போதும். ஹைட்ரஜன் பெராக்சைடு நுரைச்சுக்கினு வர்றதைப் பாத்தா அழுக்கெல்லாம் போற மாதிரி தெரியும், ஆனா நல்ல சதையையும் அது அரிக்கும். ஸ்பிரிட், மஞ்சத்தூள், காபித்தூள் எதுவும் கூடாது. பீட்டாடின் டாக்டர் சொன்னா, அவர் சொன்ன நாள் வரைக்கும் மட்டும். வெந்நீர்ல காலை முக்கி வைக்கவே கூடாது, சுடுறது அவங்களுக்குத் தெரியாது. விரல் இடுக்கை ஒத்தி ஒத்தி ஈரம் எடுங்க.

3. பாக்குறது

மாதுளை முத்து மாதிரி செவப்பா இருந்தா புண்ணு ஆறுது. மஞ்சளா கொழகொழன்னு இருந்தாலும், கறுத்தாலும் டாக்டர்கிட்ட போங்க, நீங்களா கத்தரிக்கோல் எடுக்காதீங்க. ஓரம் துணி துவைச்ச கை மாதிரி வெளுத்து ஊறிப்போயிருந்தா நீர் அதிகம்னு அர்த்தம், ஃபோம் மாதிரி நல்லா உறிஞ்சுற டிரெஸ்ஸிங்குக்கு மாத்தணுமான்னு கேளுங்க. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை ஸ்கேல் பக்கத்துல வச்சு ஒரு போட்டோ. 4 வாரத்துல புண்ணு பாதியா சுருங்கலைன்னா வைத்தியத்தையே மாத்தி யோசிக்கணும்.

4. வச்சு கட்டுறது (நான் கோட்டை விட்டது இங்கதான்)

அடிப்பாதத்துப் புண்ணாச்சே, மெத்துனு இருக்கட்டும்னு நான் காஸை நாலா எட்டா மடிச்சு மொத்தமா வச்சுக் கட்டுனேன். ரெண்டு வாரம் தினமும் பாத்துப் பாத்து பண்ணியும் புண்ணு சுருங்கல, ஓரத்துல வேற கன்னிப்போய் கருநீலமா ஒரு வளையம். டிரெஸ்ஸிங் பண்ற சிஸ்டர் கட்டைப் பிரிச்சதும் என் கையைப் பாத்தாங்க, "செருப்புக்குள்ள கல்லு வச்சுக்கினு நடப்பியாப்பா நீ?"ன்னாங்க. அப்பத்தான் புரிஞ்சுது. மொத்தமா வச்ச இடத்துலதான் ஒடம்பு எடை முழுக்க இறங்கும், நான் வச்ச மெத்தையே கல்லாயிடுச்சு. இப்போ புண்ணளவுக்கு வெட்டுன பாரஃபின் காஸ் ஒரே அடுக்கு, மேல மெல்லிசா காஸ், விரல் பக்கத்துல இருந்து கணுக்கால் பக்கமா இறுக்காம ரோல் பேண்டேஜ், அவ்வளவுதான். விரல் நுனி வெளியில தெரியணும், நிறம் மாறுனா தெரியறதுக்கு. டேப்பை விரலைச் சுத்தி வளையமா ஒட்டாதீங்க.

5. மிதிக்காம இருக்குறது

கட்டை விட இதுதான் பெருசு. வேலூர் சிஎம்சியில பால் பிராண்ட்னு ஒரு சர்ஜன் இருந்தாரு, தொழுநோய்க்காரங்க காலைப் பாத்து, மரத்த காலு கெடுறது வலி தெரியாம திரும்பத் திரும்ப அதே எடத்துல மிதிக்கிறதாலதான்னு காட்டுனவரு. சுகர் காலுக்கும் அதே கதைதான். மாவுக்கட்டு போடலாம்னு டாக்டர் சொன்னா பயப்படாம ஒத்துக்குங்க, பாரத்தைப் பிரிச்சு விடுறதுல அதுக்கு மிஞ்சி இல்ல. நைனா ஒத்துக்கல, அதனால முன்பாதம் தரையில படாத செருப்பு. அதையும் ராத்திரி பாத்ரூமுக்கு "ரெண்டடிதானே"ன்னு போடாமப் போயிடுவாரு. இப்போ செருப்பைப் பாவு நூல்ல கட்டில் கால்லயே கட்டி வச்சிருக்கேன், தேடுற சாக்கு இல்ல.

காய்ச்சல், நாத்தம், புண்ணைச் சுத்தி 2 செ.மீ.க்கு மேல பரவுற செவப்பு, திடீர்னு ஏறுற சுகர், கறுத்த விரல், உள்ள எலும்பு தட்டுப்படுறது, இதுல எது வந்தாலும் அன்னைக்கே ஆஸ்பத்திரி. விடியட்டும்னு இருக்காதீங்க.

அப்டேட்: புத்தூர் கட்டு போடலாமான்னு மூணு பேர் கேட்டிருக்கீங்க. அது எலும்பு முறிவுக்கு ஜனங்க தேடிப் போறதுங்க, திறந்த புண்ணு மேல முட்டையும் பச்சிலையும் அப்பாதீங்க.

அப்டேட் 2: குழிப் புண்ணுக்கு என்ன பண்றதுன்னு ஒரு அக்கா கேட்டாங்க. சலைன்ல நனைச்ச காஸை நாடா மாதிரி ஒரே துண்டா தளர்வா உள்ள விடணும்க்கா, திணிக்கக் கூடாது. வால் வெளியில தெரியட்டும். துண்டு துண்டா வச்சா ஒண்ணு உள்ளயே தங்கிடும், ஒண்ணுக்கு மேல வைக்க வேண்டி வந்தா எத்தனை வச்சோம்னு காலண்டர்ல எழுதிட்டு, எடுக்கும்போது எண்ணிப் பாருங்க.