வராமலே போன விமானத்தைச் செய்வது: கற்பனைப் போர் விமான மாடலுக்கு ஒரு செய்முறை

கற்பனை விமானம் என்றதும் மிச்சப் பெட்டியில் கிடக்கும் உதிரிகளையெல்லாம் ஒரே உடலில் ஒட்டிவிடத் தோன்றும். நாலு இஞ்சின், பத்து ஏவுகணை, முன்னாலும் பின்னாலும் இறக்கை. அப்படிச் செய்ததைப் பார்ப்பவர் அது எந்தெந்த கிட்டிலிருந்து (பாகங்களை ஒட்டிச் செய்யும் மாடல் பெட்டியிலிருந்து) வந்தது என்று எண்ண ஆரம்பித்துவிடுவார். விமானமாகப் பார்க்க மாட்டார். நம்ப வைக்கும் மாடலில் பெரிய மாற்றம் ஒன்றுதான் இருக்கும். மற்றதெல்லாம் அந்த ஒன்றின் விளைவாக வந்தவை. இறக்கையை மாற்றினால் வால் ஏன் மாறியது, சக்கரம் ஏன் அங்கே இருக்கிறது, எந்த நாடு எந்த வருடம் வாங்கியது என்று கேட்டால் மாடலே பதில் சொல்ல வேண்டும்.

இங்கே 1/72 அளவில் (நிஜத்தில் எழுபத்திரண்டில் ஒரு பங்கு) ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம்: எஃப்-104 ஸ்டார்ஃபைட்டரின் உடல், எஃப்-5ஈ டைகர் II-இன் இறக்கை. முதல் முயற்சிக்கு இது நல்ல ஜோடி. எஃப்-104இன் லேண்டிங் கியர் (சக்கரமும் அதன் காலும்) முழுக்க உடலுக்குள் மடங்குவது. அதனால் இறக்கையை எங்கே நகர்த்தினாலும் சக்கரக் குழியைத் தொட வேண்டியதில்லை.

கதைக்கு ஒரு கீல் வேண்டும்

லாக்ஹீட் நிறுவனம் எஃப்-104ஐ அடிப்படையாக வைத்து சிஎல்-1200 லான்சர் என்ற விமானத்தை முன்மொழிந்தது. இறக்கை பெரியது, அது உடலின் மேற்பகுதிக்கு ஏறியது. செங்குத்து வாலின் உச்சியில் இருந்த கிடைவால் (வாலில் கிடையாக இருக்கும் சிறு இறக்கை) கீழே இறங்கியது. 1970இல் அமெரிக்கா நட்பு நாடுகளுக்கான போர் விமானத்தைத் தேர்ந்தெடுத்தபோது வென்றது எஃப்-5ஈ ஆன வடிவம்தான். லான்சர் பறக்காமலே நின்றுபோனது. தோற்றவனுக்கு ஜெயித்தவனின் இறக்கையைப் பூட்டுகிறோம் என்பது இதில் ஒரு சின்ன குறும்பு.

இன்னொரு கீல் 1975. பெல்ஜியம், நெதர்லாந்து, டென்மார்க், நார்வே நாலும் எஃப்-104 ஓட்டியவை. அந்த வருடம் நாலும் சேர்ந்து எஃப்-16ஐத் தேர்ந்தெடுத்தன. அன்று அவை லான்சரை எடுத்திருந்தால்? இந்த ஒரு கேள்வி போதும். நாடு, வண்ணம், எண், ஆயுதம் எல்லாம் இதிலிருந்தே இறங்கி வரும். நாம் பெல்ஜியம், 1980 என்று வைத்துக்கொள்வோம்.

கைக்கு வேண்டியவை

1/72 எஃப்-104ஜி கிட் ஒன்று, எஃப்-5ஈ கிட் ஒன்று. 0.25, 0.5, 1 மி.மீ. தடிமனில் பிளாஸ்டிக் ஷீட். 1 மி.மீ. பித்தளைக் கம்பி 15 செ.மீ., 0.8 மி.மீ. கம்பி கொஞ்சம். மெல்லிய பல் ரம்பம், கைத்துரப்பணம், 0.8 மற்றும் 1.2 மி.மீ. துரப்பண ஊசிகள். மெதுவாக இறுகும் எபாக்சி (30 நிமிட வகை), சூப்பர் குளூ, பிளாஸ்டிக்கை உருக்கி ஒட்டும் திரவ சிமென்ட். பட்டி, 400, 600, 1000 எண் உப்புத்தாள், கோடு கீறும் ஊசி.

இரண்டு கிட்டும் ஒரே மாதிரிக் கோடு உள்ளவையா என்று வாங்கும்போதே பாருங்கள். பழைய அச்சுகளில் பேனல் கோடுகள் புடைத்து நிற்கும், புதியவற்றில் பள்ளமாக இருக்கும். உடலில் புடைப்பும் இறக்கையில் பள்ளமும் இருந்தால் எவ்வளவு நன்றாக ஒட்டினாலும் ஒட்டுவேலை என்பது தெரிந்துவிடும். வேறு வழியில்லை என்றால் புடைத்த கோடுகளை முழுக்கத் தேய்த்துவிட்டுப் பள்ளமாகக் கீறிக்கொள்ள வேண்டும்.

இறக்கை எங்கே உட்காரும்

பெரும்பாலான கற்பனை மாடல்கள் கோட்டை விடுவது இந்த இடத்தில். கண்ணுக்கு அழகாக இருக்கிறது என்று இறக்கையை வைத்துவிடுகிறார்கள். பார்ப்பவருக்குக் காரணம் சொல்லத் தெரியாது. ஆனால் ஏதோ இடிக்கிறது என்று தோன்றும்.

எஃப்-104இன் பழைய இறக்கை, எஃப்-5ஈயின் இறக்கை இரண்டையும் மேலிருந்து பார்த்தபடி காகிதத்தில் பிரதி எடுங்கள். ஒவ்வொன்றிலும் வேர்ப்பக்க (உடலோடு சேரும் பக்க) அகலத்தின் முடிவிலிருந்து பின்னால் நுனி அகலத்தின் அளவு ஒரு கோடு நீட்டுங்கள். நுனியில் அதற்கு எதிர்த்திசையில், முன்னால், வேர் அகலத்தின் அளவு நீட்டுங்கள். இரண்டு கோட்டின் முனைகளையும் இணைக்கும் மூலைக்கோடு, இறக்கையின் நடுக்கோட்டை (வேர் அகலத்தின் நடுவையும் நுனி அகலத்தின் நடுவையும் இணைக்கும் கோட்டை) வெட்டும் இடத்தில்தான் சராசரி அகலம் இருக்கிறது. அந்த அகலத்தை நாலாகப் பங்கிட்டு, முன்விளிம்பிலிருந்து முதல் கால்பங்கில் ஒரு புள்ளி வையுங்கள். புதிய இறக்கையின் புள்ளி பழைய இறக்கையின் புள்ளிக்கு நேராகவோ 1, 2 மி.மீ. பின்னாலோ விழ வேண்டும். விமானத்தின் எடை மையம் அந்தப் பகுதியில் இருக்கும் என்பதுதான் காரணம்.

சக்கரத்துக்கும் இதே கணக்கு. மூக்குச் சக்கர விமானத்தில் பிரதான சக்கரம் எடை மையத்துக்குச் சற்றுப் பின்னால், ஏறக்குறைய 15 பாகைச் சாய்வில் தரையைத் தொடும். எடை மையம் தரையிலிருந்து 30 மி.மீ. உயரத்தில் இருந்தால் சக்கரம் 8 மி.மீ. பின்னால். நம் உதாரணத்தில் பழைய கியர் அப்படியே இருப்பதால் சரிபார்த்தால் போதும்.

வெட்டி ஒட்டுவது

எஃப்-104 உடலின் இரு பாதிகளை முதலில் ஒட்டி முழுசாகக் காய விடுங்கள். பழைய இறக்கை நுழையும் துளைகளை உள்ளிருந்து 1 மி.மீ. ஷீட் வைத்து அடைத்து, மேலே பட்டி பாருங்கள். பட்டியால் மட்டும் அடைத்தால் அது காயும்போது சுருங்கி, பெயின்ட் அடித்த பிறகு குழி விழும். கரைப்பான் கலந்த பட்டியை ஒரு தடவைக்கு 1 மி.மீ.க்கு மேல் போடக்கூடாது. ஒரு நாள் காய வேண்டும்.

எஃப்-5ஈயின் இறக்கையில் இரண்டு தொல்லை. ஒன்று, அதன் கியர் இறக்கையில் பூட்டப்பட்டது, ஆகவே கீழ்ப்பக்கம் சக்கரக் குழி இருக்கும். கிட்டின் கதவுகளையே மூடிய நிலையில் ஒட்டி, இடுக்கில் சூப்பர் குளூ விட்டு, ஒரு மணி நேரத்துக்குள் தேய்த்துவிடுங்கள். மறுநாள் வரை விட்டால் அது பிளாஸ்டிக்கைவிடக் கெட்டியாகி, தேய்க்கும்போது பக்கத்துப் பிளாஸ்டிக்தான் கரையும். இரண்டாவது தொல்லை, இறக்கை வேரிலிருந்து முன்னால் நீளும் மெல்லிய முக்கோணத் தகடு. எஃப்-104இன் காற்று வாயின் (உடலின் பக்கத்தில் இஞ்சினுக்குக் காற்று நுழையும் வாய்) கூம்புக்கு மேலே அது மோதும். வெட்டிவிட்டு, வாயின் மேல்விளிம்போடு சேரும்படி 0.5 மி.மீ. ஷீட்டில் புதிதாக வெட்டி வையுங்கள்.

இறக்கையைத் தாங்கப்போவது பித்தளைக் கம்பிதான். உடலின் ஒரு பக்கத்தில் ஒட்டப்போகும் கோட்டைக் காகித அச்சில் வரைந்து, முன்னொன்று பின்னொன்றாக இரண்டு துளைக்கு இடம் குறியுங்கள். அதே அச்சைத் திருப்பி மறுபக்கத்திலும் குறியுங்கள். இரண்டு பக்கத்தையும் கண்ணால் பார்த்துத் தனித்தனியாகக் குறித்தால் அரை மி.மீ. வித்தியாசம் வரும். அது நுனியில் இரண்டு மி.மீ. ஆகிவிடும். துளை 1.2 மி.மீ., கம்பி 1 மி.மீ. அந்த 0.2 மி.மீ. தொளதொளப்பு வேண்டுமென்றே விடுவது. இறக்கையை நிமிர்த்தவும் தாழ்த்தவும் அதுதான் இடம் தருகிறது.

எஃப்-104இன் இறக்கை 10 பாகை கீழ்நோக்கிச் சாய்ந்தது. உயரத்தில் இருந்த கிடைவால் உண்டாக்கிய உருளும் தன்மையை ஈடுகட்ட அந்தச் சாய்வு. கிடைவால் கீழே வந்துவிட்டால் அவ்வளவு தேவையில்லை. மேலே ஏறிய இறக்கைக்கு 3 பாகை போதும்; 45 மி.மீ. நீள இறக்கையில் நுனி 2.4 மி.மீ. இறங்கும்.

எபாக்சியைக் கலந்து கம்பியிலும் வேரிலும் பூசிச் செருகி, அட்டையில் வெட்டிய தாங்கியில் வையுங்கள். இறுகுவதற்குள் மூன்று சோதனை. நூலால் இடது நுனியிலிருந்து வால் முனைக்கும் வலது நுனியிலிருந்து வால் முனைக்கும் அளந்து சமமா என்று பாருங்கள். தரையிலிருந்து இரு நுனிகளின் உயரத்தை அளங்கள். கடைசியாக ஒரு கண்ணை மூடி மூக்குக்கு நேரே பாருங்கள்; இரண்டு இறக்கையின் முன்விளிம்பும் ஒரே அளவு தெரிய வேண்டும். ஒரு பக்கத்தில் மேல்பரப்பு தெரிந்து மறுபக்கத்தில் தெரியாவிட்டால் இறக்கை முறுகியிருக்கிறது. 5 நிமிட எபாக்சி இதற்கெல்லாம் நேரம் தராது.

வால்

உயரத்தில் இருந்த கிடைவாலை ஏன் இறக்கினார்கள் என்பது தெரிந்தால் எங்கே வைப்பது என்பதும் தெரியும். மூக்கு அதிகமாக மேலே எழும்போது இறக்கையிலிருந்து வரும் கலங்கிய காற்று உயரமான கிடைவாலை மூடி, விமானம் கட்டுப்பாடு இழக்கும். உடலின் பின்பகுதியில் தாழ்வாக இருந்தால் அந்தக் கலக்கம் அதற்கு மேலே போய்விடும். ஆக, கிடைவால் இறக்கையின் மட்டத்துக்குக் கீழே, இஞ்சின் வாய்க்குச் சற்று முன்னால்.

கிடைவால் முழுசாகத் திரும்பக்கூடியது. ஒரே ஒரு 0.8 மி.மீ. கம்பியில் பூட்டி, உடலுக்கும் அதற்கும் நடுவே 0.3 மி.மீ. இடைவெளி விடுங்கள். இந்த இடத்தில் பட்டி போட்டு வழுவழுப்பாக்குவது பெரிய தப்பு. திரும்ப வேண்டிய பாகத்தைச் சிலையாக்கிவிட்டதாகும். செங்குத்து வாலின் உச்சியில் பழைய கிடைவால் உட்கார்ந்த இடத்தை 1 மி.மீ. துண்டு வைத்து மூடி உருட்டுங்கள்.

மூக்கில் எடை

காக்பிட்டை மூடுவதற்கு முன் எல்லாப் பாகங்களையும் டேப்பால் சேர்த்து, பிரதான சக்கரம் வரும் இடத்தில் பென்சில் ஒன்றைக் குறுக்கே வைத்து விமானத்தை அதன்மேல் உட்கார வையுங்கள். மூக்கு கீழே சாயும் வரை எடை சேருங்கள். வந்த எடையோடு கால்பங்கு கூட்டிக்கொள்ளுங்கள். பட்டியும் பெயின்டும் பெரும்பாலும் பின்னால்தான் சேரும். ஈயக் குண்டு போட்டால் வெள்ளைப் பசையால் ஒட்டாதீர்கள். அது ஈயத்தை அரித்து உப்ப வைக்கும். சில வருடம் கழித்து மூக்கு தானாகப் பிளக்கும். எபாக்சிதான் இதற்கு.

பிரைமரும் வண்ணமும்

இரண்டு கிட்டின் பிளாஸ்டிக்கும் நிறத்தில் வேறாக இருக்கும், நடுவே பட்டி வேறு. சாம்பல் பிரைமர் ஒரு மெல்லிய பூச்சு அடித்ததும்தான் உண்மை தெரியும். குறைகளைச் சரிசெய்து மறுபடி அடியுங்கள். இரண்டு மூன்று சுற்று சாதாரணம். தேய்த்ததில் அழிந்த கோடுகளைக் கெட்டியான டேப்பை ஓரமாக ஒட்டி, ஊசியைப் பின்னோக்கி இழுத்து, அழுத்தாமல் நாலைந்து முறையில் கீறுங்கள்.

பெல்ஜிய எஃப்-104கள் தென்கிழக்கு ஆசிய வண்ணத்தில் (வியட்நாம் போரில் அமெரிக்க விமானங்கள் பூசிய வண்ணம்) பறந்தவை: மேலே எஃப்எஸ் (அமெரிக்க அரசின் வண்ணத் தர எண்) 34079, 34102 என்ற இரு பச்சை, 30219 என்ற பழுப்பு, கீழே 36622 சாம்பல். அதையே வையுங்கள். வண்ண விளிம்பில் அளவை மறக்காதீர்கள். மாடலில் 1 மி.மீ. மங்கல், நிஜத்தில் 7 செ.மீ. அரை மி.மீ.க்குள் நிறுத்தப் பாருங்கள்.

நாட்டுச் சின்னம் கறுப்பு, மஞ்சள், சிவப்பு வட்டங்கள். எண்ணுக்கு அவர்கள் முறை இரண்டு எழுத்தும் ஒரு எண்ணும்: எஃப்-104க்கு எஃப்எக்ஸ், எஃப்-16க்கு எஃப்ஏ. நம்முடையது எஃப்எல்-01 என்றால் குடும்பத்தோடு சேரும். எழுத்துகளை ஒரே டிகால் (தண்ணீரில் நனைத்து ஒட்டும் படம்) தாளிலிருந்து எடுங்கள். இரண்டு தாளின் எழுத்துரு ஒன்றாக இருப்பதில்லை.

டிகாலுக்கு முன் பளபளப்பான வார்னிஷ் கட்டாயம். மேட் பரப்பில் ஒட்டினால் அடியில் காற்று தங்கி வெள்ளி பூத்தாற்போல் தெரியும். மென்மையாக்கும் திரவம் பட்டு டிகால் சுருங்கும்போது தொடவே கூடாது. காய்ந்ததும் தானாகப் படியும். பழைய தாள் என்றால் வேண்டாத ஒரு சின்ன எழுத்தைத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். உடைந்தால், மொத்தத் தாளுக்கும் வார்னிஷ் அடித்து, ஒவ்வொன்றையும் ஓரம் ஒட்டி வெட்டிக்கொள்ள வேண்டும்.

ஆயுதமும் வருடமும்

1980இன் விமானத்தில் அம்ராம் ஏவுகணை தொங்கினால் மொத்தக் கதையும் சரியும். அது 1991இல்தான் சேவைக்கு வந்தது. இறக்கை நுனியில் இரண்டு சைட்வைண்டர் ஏவுகணை, வயிற்றில் ஒரு எரிபொருள் தொட்டி போதும். எஃப்-5ஈயின் இறக்கை நுனியில் ஏவுகணைத் தண்டவாளம் ஏற்கெனவே இருக்கிறது. அதை வெட்டிவிடாதீர்கள்.

வேறு இரண்டு வழிகள்

வெட்டாமலே ஒன்று உண்டு: அளவை மாற்றுவது. 1/72 எஃப்-104 ஏறக்குறைய 231 மி.மீ. நீளம். அதில் 1/48 இருக்கையும் விமானியும் வைத்து காக்பிட் மூடியைப் பெரிதாக்கினால் அது நிஜத்தில் 11 மீட்டர் நீளமுள்ள சின்ன விமானம் ஆகிவிடும். சக்கரத்தையும் பெரிதாக்க வேண்டும், ஏணிக் குறிகளையும் எச்சரிக்கை எழுத்துகளையும் 1/48க்கு மாற்ற வேண்டும். இதை விட்டால் பொய் வெளுத்துவிடும்.

இரண்டு உடலை ஒட்டி இரட்டை விமானம் செய்வது மற்றொன்று. அதில் விசிறிகள் எந்தப் பக்கம் சுற்றுகின்றன என்று முதலில் முடிவு செய்யுங்கள். நிஜத்தில் எஃப்-82 ட்வின் மஸ்டாங்கின் முதல் மாதிரியில் இரண்டு விசிறியும் நடுவே மேல்நோக்கிச் சுற்றின. நடு இறக்கையின் தூக்குவிசை கெட்டு விமானம் தரையை விட்டு எழ மறுத்தது. திசையை மாற்றியதும் எழுந்தது. இரண்டு கிட்டிலிருந்து வரும் விசிறிகள் ஒரே திசைக்கு வார்த்தவையாக இருக்கும். அதனால் ஒன்றின் அலகுகளை வெட்டி எடுத்து, எதிர்ப்பக்கம் முறுகும்படி திருப்பி ஒட்ட வேண்டும். அச்சுக்கூம்பில் அலகுக்கு 0.5 மி.மீ. துளை போட்டு மெல்லிய கம்பியால் பூட்டினால் மறுபடி தட்டுப்பட்டாலும் உடையாது.

ஆன்டெனா, பிட்டாட் குழாய் (வேகம் அளக்க வெளியே நீளும் மெல்லிய குழாய்), கியர் கதவு எல்லாவற்றையும் கடைசியாக ஒட்டுங்கள். கிட் தரும் பிட்டாட் பிளாஸ்டிக் குழாய் எப்படியும் உடைந்துவிடும். ஊசி மருந்து ஊசியை வெட்டி வைத்தால் பார்க்கவும் மெல்லியதாக இருக்கும்.