வைஃபை இருக்கிறது, தளம் மட்டும் திறக்கவில்லை

என் கணினியில் வைஃபை இணைப்பு சரியாகவே இருந்தது. ஆனால் பிரவுசரில் எதைத் திறந்தாலும் இணைப்பு பாதுகாப்பானதல்ல என்ற எச்சரிக்கைதான். அதே வைஃபையில் போன் நன்றாக ஓடியதால் ரவுட்டர் மேல் சந்தேகம் இல்லை. எச்சரிக்கையின் விவரத்தைப் பார்த்தால், சான்றிதழ் இன்னும் நடப்புக்கு வரவில்லையாம்! திரை மூலையில் தேதி 2009.

எச்டிடிபிஎஸ் தளம் (முகவரி https என்று தொடங்கும் தளம்) ஒவ்வொன்றும், தான் அசல் தளம்தான் என்பதற்கு ஒரு சான்றிதழைக் காட்டும். அது எப்போதிலிருந்து எப்போதுவரை செல்லும் என்று அதிலேயே இருக்கும். பிரவுசர் அதைக் கணினியின் கடிகாரத்தோடு ஒப்பிடும். 2009இல் நிற்கும் கணினிக்கு இன்றைய சான்றிதழ் எப்படிச் செல்லும்? (எரிச்சலில் எச்சரிக்கையைத் தாண்டிப் போய்விடாதீர்கள். வங்கித் தளத்தில் அந்தப் பழக்கம் ஆபத்து.)

தேதியைத் திருத்தியதும் எல்லாம் திறந்தது. பிளக்கைப் பிடுங்கி மாட்டினால் மறுபடி 2009. அப்படியென்றால் கணினிக்குள் உள்ள முதன்மைப் பலகையான மதர்போர்டில் இருக்கும் வட்ட பேட்டரி தீர்ந்துவிட்டது. மின்சாரம் இல்லாதபோது கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். பவர் வயரைக் கழற்றிவிட்டு, புது சிஆர்2032 பேட்டரி ஒன்றைப் போட்டேன், கூட்டல் குறி மேலே இருக்கும்படி. அப்புறம் பயோஸில் (கணினியைப் போட்டதும் முதலில் ஓடும் அடிப்படை மென்பொருள்) தேதியையும், கலைந்து போயிருந்த பூட் வரிசையையும் (எந்த டிரைவிலிருந்து முதலில் தொடங்குவது என்ற வரிசை) சரிசெய்தேன்.