நோர்வேக்குப் புதிதாக வரும் பெற்றோருக்கு: வளரும் பிள்ளை என்று ஷீயை (பனிச்சறுக்குப் பலகையை) பெரிதாக வாங்காதீர்கள்

பிள்ளைகளுடன் நோர்வேயில் குடியேறும் நம்மவர்கள் பாடசாலைப் பதிவு, குடும்ப வைத்தியர், வங்கிக் கணக்கு எல்லாவற்றையும் எப்படியோ முடித்துவிடுவார்கள். அவற்றுக்கு வழிகாட்ட அலுவலகங்கள் உண்டு. உள்ளூர் விளையாட்டுக் கழகத்தில் சேர்ப்பதும் இணையத்தில் பதிந்து ஆண்டுச் சந்தா கட்டும் வேலைதான். பெற்றோர் முறைவைத்துச் செய்யும் ‘டுக்னாட்’ என்னும் சிரமதானத்துக்குத் தவறாமல் போய்விடுங்கள். இவற்றில் எவரும் பெரிதாக ஏமாறுவதில்லை. நான் ஏமாந்தது, முதல் பனிக்காலத்தில் பாடசாலையிலிருந்து வந்த இரண்டு வரிக் கடிதத்தில்: “வியாழக்கிழமை ஷீ நாள். பிள்ளைகள் ஷீயுடன் வர வேண்டும்.”

ஸ்கி என்று எழுதி ஷீ என்று உச்சரிக்கும் இந்தப் பனிச்சறுக்குப் பலகையைக் காலில் பூட்டிக்கொண்டே தாங்கள் பிறப்பதாக நோர்வேஜியர்கள் சொல்வார்கள். ஒஸ்லோவின் ஹொல்மன்கொல்லன் குன்றில் 1892 முதல் ஷீ பாய்ச்சல் நடக்கிறது. ஐம்பத்தைந்து இலட்சம் மக்கள்கூட இல்லாத நிலையில், 2022 பெய்ஜிங் பனிக்கால ஒலிம்பிக்கில் இந்த நாடு 16 தங்கம் வென்றது. அதற்குமுன் எந்த நாடும் ஒரே பனிக்கால ஒலிம்பிக்கில் அத்தனை தங்கம் எடுத்ததில்லை. ஆனாலும் பிள்ளைகளுக்கு 11 வயதாகும் ஆண்டு தொடங்கும்வரை போட்டிகளில் முதலாமிடம், இரண்டாமிடம் என்று பட்டியல் போடக் கூடாது என்பது இங்குள்ள விளையாட்டுச் சம்மேளனத்தின் விதி. ஆகவே ஷீ நாளில் உங்கள் பிள்ளை எத்தனையாவதாக வந்தது என்று ஆசிரியரிடம் கேட்காதீர்கள். பிள்ளை எல்லோருடனும் சேர்ந்து போய் வர முடிந்ததா என்பதே அங்கு முக்கியம், என் மகளால் அது முடியாமல் போனது.

ஊரில் பெருநாளுக்குச் சட்டை தைக்கும்போது மடிப்பை உள்ளே விட்டுத் தைப்பார்கள். பாடசாலைச் சப்பாத்தை முன்னால் பஞ்சு அடைத்து இரண்டு வருடம் போடுவோம். அதே எண்ணத்தில், 122 செ.மீ உயரமும் 23 கிலோ எடையும் கொண்ட ஏழு வயதுப் பிள்ளைக்கு, ஒரு பழைய பொருள் விற்பனையாளரிடம் 160 செ.மீ நீள ஷீயை 900 குரோனருக்கு வாங்கினேன். “மூன்று வருடத்துக்குப் போதும்” என்று அவரும் சொன்னார். ஷீ நாளன்று சிறு ஏற்றம் ஒன்றில் மற்றப் பிள்ளைகள் ஏறிப் போய்விட, என் மகள் ஓரடி வைத்தால் இரண்டடி பின்னால் சறுக்கி, கடைசியில் பலகையைக் கழற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுதபடி நடந்து வந்தாள் என்று ஆசிரியர் சொன்னபோது எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. விற்றவருக்கு விஷயம் தெரிந்தே இருந்தது. திருப்பி எடுக்கவும் மறுத்துவிட்டார்.

காரணத்தை எனக்குக் காட்டித் தந்தவர் கீழ்வீட்டு முதியவர். ஷீயைத் தரையில் வைத்துப் பாருங்கள். நடுப்பகுதி வில்போல மேலே வளைந்து நிற்கும். பனியைப் பற்றிக்கொள்ளும் இடம் அந்த வளைவுக்கு அடியில், பாதத்தின் கீழ் இருக்கிறது. ஒரு காலில் முழுப் பாரத்தையும் போட்டு உந்தும்போது அது பனியில் பதிய வேண்டும். நீளமான ஷீ பொதுவாக எடை கூடியவர்களுக்காக விறைப்பாகச் செய்யப்படுவது. பிள்ளையின் எடைக்கு மிஞ்சிய விறைப்பான ஷீ பதியவே பதியாது, பின்னால்தான் வழுக்கும். அவர் சமையலறைத் தரையில் மகளை ஷீயில் நிறுத்தி, பாதத்துக்கு அடியில் ஒரு கடதாசியை நுழைத்தார். இரண்டு காலிலும் சமமாக நிற்கும்போது கடதாசி இலகுவாக நகர வேண்டும். ஒற்றைக் காலில் நின்றால் அசையக் கூடாது. என் மகள் ஒற்றைக் காலில் நின்றபோதும் கடதாசி விசிறிபோல் போய் வந்தது. 900 குரோனர் கொடுக்கும்போது என் சட்டைப்பையில் ஒரு பற்றுச்சீட்டு இருந்தது. அதை வைத்தே இதைச் சோதித்திருக்கலாம்.

சப்பாத்திலும் ஏமாறாதீர்கள். அடிப்பாகத்தில் நீளவாக்கில் இரண்டு ஒடுங்கிய பள்ளங்கள் இருந்தால் அது என்என்என் (NNN) என்னும் பூட்டுக்குரிய வகை. ஒரே அகலப் பள்ளமானால் எஸ்என்எஸ் (SNS) வகை. ஒன்றின் சப்பாத்து, ஷீயில் பொருத்தியிருக்கும் மற்றதன் பூட்டில் மாட்டாது. கம்பளிக் காலுறையுடன் பெருவிரலுக்கு முன்னால் சிறிது இடம் இருந்தால் போதும், பஞ்சு அடைக்கும் அளவு வேண்டாம். உள்ளாடையும் கம்பளியாகவே இருக்கட்டும், வியர்வையில் நனைந்த பருத்தி உடம்பைக் குளிரவைத்துவிடும்.

உண்மையில் முதல் ஆண்டில் எதையும் வாங்கத் தேவையில்லை. ‘பூஆ’ என்ற பெயரில் நாட்டின் பல ஊர்களில் இயங்கும் இரவல் நிலையங்கள் ஷீ, தடி, சப்பாத்து அனைத்தையும் இலவசமாகத் தருகின்றன. பிள்ளையின் உயரத்தோடு எடையையும் சொல்லிக் கேளுங்கள். ஷீ நாளுக்கு முந்தைய கிழமையே போங்கள், கடைசி நாளில் சிறிய அளவுகள் தீர்ந்துவிடும். எடுத்த கையோடு சனிக்கிழமை பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அருகிலுள்ள விளக்குப் போட்ட ஷீப் பாதைக்குப் போய்ப் பழக்குங்கள். ஷீ ஓடுவதற்காகப் பனியில் இயந்திரம் வரைந்த இரட்டைக் கோட்டின்மேல் மட்டும் சப்பாத்துக் காலால் நடக்காதீர்கள்.

அந்த 160 செ.மீ ஷீயை இந்த ஐப்பசியில் பாடசாலையில் நடந்த பழைய பொருள் சந்தையில் வைத்தேன். புதிதாக வந்த தாய் ஒருவர் ஆறு வயது மகனுக்கு வேண்டும் என்று கேட்டார், கொடுக்கவில்லை. பிறகு பத்து வயதுப் பெண் ஒருத்தி அதில் ஏறி ஒற்றைக் காலில் நின்றாள். கடதாசி அசையவில்லை. 200 குரோனருக்குக் கொடுத்தேன்.