வாந்தி வராமல் ரோலர் கோஸ்டர் ஏறுவது எப்படி?

மலேசியாவில் சுங்கை சிப்புட்டிலிருந்து பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தீம் பார்க் கிளம்புகிறவர்களுக்காக இது. போன பள்ளி விடுமுறையில் முதல் சுற்றிலேயே தொடை கன்றிப்போய், குடித்த மைலோவையும் கக்கி, அக்கா மகன் முன்னால் என் மானம் போனது. அப்புறம் ஏழெட்டு முறை ஏறிவிட்டேன், இப்போது ஒன்றும் ஆவதில்லை.

முதலில் வயிறு. தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக் வேண்டாம், வெறும் வயிறும் வேண்டாம். உள்ளே ஒன்றும் வைக்காத ஒரு ரொட்டி கோசோங் போதும். கெந்திங் மலைமேல் உள்ள தீம் பார்க் என்றால் மலைப்பாதை வளைவுகளிலேயே பாதித் தெம்பு போய்விடும். வழியில் உள்ள அவானா நிலையத்திலிருந்து கேபிள் காரில் போனால் மீதி வளைவுகளிலிருந்து தப்பிக்கலாம். வாந்தி மாத்திரையை மருந்தகத்தில் கேட்டு, ஏறுவதற்கு அரை மணி முன்னாலாவது போட வேண்டும். தூக்கம் வரும், வண்டி ஓட்டுகிறவர் தொடாதீர்கள். என் கட்சி அசாம் பொய் என்கிற புளிப்பான உலர்ந்த பிளம் பழம்தான். ஏறும்முன் கொட்டையைத் துப்பிவிடுங்கள்.

இருக்கை நடுவில் எடுங்கள். கடைசிப் பெட்டி உச்சியைத் தொடும்போது முன்பெட்டிகள் ஏற்கெனவே கீழே விழுந்துகொண்டிருக்கும்; அதனால் வெடுக்கென்று இழுபடும்.

இனிதான் என்னைக் கவிழ்த்த இடம். நான் சாய்வு நாற்காலியில் போலச் சரிந்து உட்கார்ந்திருந்தேன். மடியைப் பிடிக்கும் பாதுகாப்புக் கம்பி இறங்கி 'டக்' என்று பூட்டிக்கொண்டது. முதல் இறக்கத்தில் உடம்பு பின்னால் நழுவ, கம்பிக்கும் தொடைக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி. பிறகு ஒவ்வொரு மேட்டிலும் எழும்பி எழும்பிக் கம்பியில் இடி! ஆகவே கம்பி இறங்கும் முன்பே இடுப்பைக் கடைசிவரை பின்னுக்குத் தள்ளி, முதுகை ஒட்டி உட்காருங்கள். கம்பி தொடையில் படிய வேண்டும், வயிற்றை நசுக்கக் கூடாது. ஊழியர் வந்து அழுத்திப் பார்க்கும்போது மூச்சை இழுத்துப் பிடிக்காதீர்கள்.

மேலே ஏறும்போது கேட்கும் கடகட சத்தத்துக்குப் பயப்படாதீர்கள். பெட்டி பின்னால் உருளாமல் தடுக்கும் கொக்கி, பல் பல்லாக விழும் சத்தம் அது.

கண்ணை மட்டும் மூடாதீர்கள். உடம்பு சுழல்வது உள்காதுக்குத் தெரியும், கண்ணுக்குத் தெரியாவிட்டால் குமட்டும். தண்டவாளம் திரும்பும் பக்கத்தைப் பாருங்கள். தோட்டத்து லாரியின் பின்னால் நின்று செம்மண் ரோட்டில் போனவர்களுக்குச் சொல்லவே வேண்டாம், பள்ளம் வருவது தெரிந்தால் உடம்பு தானே தயாராகிவிடும். இறக்கத்தில் கத்துங்கள். கத்தினால் மூச்சு அடைபடாது.

கர்ப்பிணிகள், இதய நோய், கழுத்து முதுகு வலி உள்ளவர்கள் கீழேயே இருந்து பையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பின்சேர்க்கை: கம்பி தோளுக்கு மேல் பூட்டும் வகை ரோலர் கோஸ்டரில் காது அடிபடுகிறது என்று இருவர் எழுதியிருந்தார்கள். தலையை இருக்கையோடு அழுத்தி வையுங்கள், குனிந்து பார்க்காதீர்கள். கண்ணாடி போட்டவர்கள் பின்பக்கம் ரப்பர் பட்டை மாட்டலாமா என்று ஒரு அண்ணன் கேட்டார். ஊழியர் விட்டால் மாட்டுங்கள். பிள்ளைகளோடு புதிதாகப் பழகுவதற்கு ஜொகூர் லெகோலேண்டின் டிராகன் ரோலர் கோஸ்டர் நல்லது, மிரட்டாது.