கார்பன் டைஆக்சைடு நுரை: ஆய்வுக்கூடத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேமித்து வைப்பதற்காக நிலத்தடிப் பாறையில் கார்பன் டைஆக்சைடைச் செலுத்தினால் அது எல்லாத் துளைகளையும் நிரப்பாது. அங்குள்ள உப்புநீரைவிட எடை குறைவு, பிசுக்கும் குறைவு என்பதால் மேலே ஏறி, வழி கிடைத்த பக்கம் ஓடிவிடும். நோர்வேயின் ஸ்லைப்னர் எரிவாயு வயலில் 1996-ல் செலுத்தத் தொடங்கிய வாயு, 1999-க்குள் உட்சிரா மணல் அடுக்கின் உச்சியைத் தொட்டுவிட்டது. சர்ஃபாக்டன்ட் (சோப்பு போல நுரை உண்டாக்கும் பொருள்) கலந்த நீரும் வாயுவும் பாறைக்குள் நுரையானால் இந்த ஓட்டம் தடைபடும், வாயு பக்கவாட்டில் பரவும். ஆனால் இதில் இறங்கும் புதியவர்கள் நாங்கள் அன்று செய்த தவறுகளையே திரும்பச் செய்கிறார்கள்.

பாட்டிலைக் குலுக்கித் தேர்வு செய்வது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது. நாலைந்து கரைசல்களைக் குலுக்கி, நுரையின் உயரத்தை ஸ்கேலால் அளந்து, உயரமானதைத் தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள். ஒரு மாணவர் அப்படித் தேர்ந்த எதிர்மின் சர்ஃபாக்டன்டைச் சுண்ணாம்புக்கல் கோரில் (உருளையாக வெட்டிய பாறைத்துண்டில்) செலுத்தினார். பாட்டிலில் அருமையான நுரை. கோரின் இரு முனைகளுக்கு இடையே அழுத்த வேறுபாடோ ஏறவே இல்லை. பம்ப், வால்வு, கசிவு என்று வாரக்கணக்கில் தேடினார். கடைசியில் வெளியே வந்த நீரைச் சோதித்தால், அதில் சர்ஃபாக்டன்ட் கிட்டத்தட்ட இல்லை. நேர்மின் கொண்ட சுண்ணாம்புக்கல் பரப்பு அத்தனையையும் பிடித்துவைத்துக்கொண்டது. மணற்கல்லில் இது தலைகீழ்: அங்கே நேர்மின் சர்ஃபாக்டன்ட்தான் ஒட்டும். பாறைத்தூளைக் கரைசலில் ஊறவைத்து, செறிவு எவ்வளவு குறைகிறது என்று முதலிலேயே பார்த்திருந்தால் இவ்வளவு நாளும் கோரும் வீணாகியிருக்காது.

சரி, ஒட்டவில்லை என்றே வைத்துக்கொள்வோம். பாட்டிலில் இருப்பது காற்று. கார்பன் டைஆக்சைடு நீரில் நன்றாகக் கரையும், அதனால் நுரைப்படலம் வழியே சீக்கிரம் கடந்துபோகும்; நீரையும் அமிலமாக்கும். பாறைக்குள் ஒவ்வொரு படலமும் துளையின் குறுக்கே நின்று, உடைந்து, ஓட்டத்தில் மறுபடி உருவாகிறது. அதைப் பாட்டில் காட்டாது. உப்புநீரில் கரைசல் கலங்குகிறதா, வீழ்படிவு தட்டுகிறதா என்று பார்க்க மட்டும் குலுக்குங்கள்.

நைட்ரஜனை வைத்து ஒத்திகை

நைட்ரஜனில் நுரை நன்றாக நிற்கும். கார்பன் டைஆக்சைடிலும் நிற்கும் என்று நம்பாதீர்கள்.

அழுத்தத்தைக் கவனிக்காமல் விடுவது

31 டிகிரி செல்சியஸ் வெப்பநிலை, 74 பார் அழுத்தம் இரண்டுக்கும் மேலே இருங்கள். கீழே இறங்கினால் நிலத்தடியில் இருக்கும் அடர்த்தியான கார்பன் டைஆக்சைடு உங்கள் கோரில் இருக்காது.

எண்ணெய் மிச்சத்தை மறப்பது

பழைய எண்ணெய் வயலா? அந்த எண்ணெயோடே சோதியுங்கள். பல நுரைகளை அது உடைத்துவிடும்.

நுரை வலுவாக வலுவாக நல்லது என்று நினைப்பது

வலு கூடினால் செலுத்தும் கிணற்றருகே அழுத்தம் ஏறும். அது பாறை பிளக்கும் அழுத்தத்தைத் தாண்டினால் மேலே உள்ள மூடுபாறைக்கே ஆபத்து. அப்படி ஏறுமென்றால் கரைசலையும் வாயுவையும் ஒன்றாகத் தள்ளாமல் மாற்றி மாற்றிச் செலுத்திப் பாருங்கள்.